இரண்டு பேருக்கு ஒரு பழைய பாய்ப்படகு: சொலென்ட் கடலில் ஒரு தெரிவு

நாங்கள் கடைசியில் வாங்கியது 1983இல் கட்டிய சாட்லர் 29 என்ற பாய்ப்படகு. இரட்டைக் கீல் (கீல் என்பது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாரமான தகடு), நிறம் மங்கிய உடல், யன்னல் ஓரமெல்லாம் பழைய சிலிக்கன். வாங்காமல் விட்டது 34 அடிப் படகு ஒன்று. இதைவிட ஆறு வயது இளையது, உள்ளே கால் வைத்ததுமே வீடு மாதிரி இருந்தது. 2021 ஒக்டோபரில் தேடத் தொடங்கி 2022 மார்ச்சில் காசு கொடுத்தோம். அந்த ஐந்து மாதத்தில் என்ன பார்த்தோம், என்ன கணக்குப் போட்டோம், எங்கே பிழைவிடப் பார்த்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். கணவனும் மனைவியுமாகக் கரையோரம் பாயோடப் பழைய படகு தேடுபவர்களுக்கு உதவும். முக்கியமாக, அந்த இரண்டு பேரில் உடல் சின்னதாக இருப்பவருக்கு.

எங்கள் இரண்டு பேரிலும் சின்னவள் நான். 5 அடி 1 அங்குலம், 52 கிலோ, அப்போது வயது 47, இடது தோள் ஒருமுறை இறுகிப்போய் ஒரு வருடம் கஷ்டப்படுத்தியது. கணவர் 6 அடி, 84 கிலோ. இங்கிலாந்தின் தென்கரையில், சொலென்ட் கடலோரமாகப் போர்ட்ஸ்மத் பக்கம் இருக்கிறோம். அவர் சின்னப் பாய்ப்படகுகளில் பத்து வருடம் ஓடியவர். நான் 45 வயதில்தான் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டும் வகுப்புக்குப் போனேன். இங்கிலாந்தில் சொந்தப் பொழுதுபோக்குக்குப் பாய்ப்படகு ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. படித்துவிட்டு இறங்குவது எங்கள் முடிவு.

ஆனால் கடல் எனக்குப் புதிதல்ல. அம்மப்பா வல்வெட்டித்துறைக்காரர். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான், முன்பக்கம் அணியம். இதெல்லாம் அவர் வாயில் கேட்டு வளர்ந்த சொற்கள். வகுப்பில் ஆசிரியர் 'ஹால்யார்ட்' என்றபோது என் மனம் தானாக ஆஞ்சான் என்றது. அன்னபூரணியின் கதையும் அவர் சொல்லித்தான் தெரியும். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்தார். எங்கள் ஊர் ஆட்கள் அதை ஓட்டிக்கொண்டு 1938 ஆகஸ்டில் மசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அதுவும் பழைய கப்பல் ஒன்றைத் தெரிந்தெடுத்து வாங்கிய கதைதான். ஆனால் அதன் நீளம் 90 அடியை ஒட்டியது, கயிறு இழுக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்கு இருப்பது இரண்டு சோடிக் கை.

34 அடி

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு தரகரோடு அந்த 34 அடிப் படகைக் கடலுக்குள் கொண்டுபோனோம். விலை 24,000 பவுண். எங்கள் பட்ஜெட் எல்லாச் செலவும் சேர்த்து 20,000. இருந்தாலும் கணவருக்கு ஆசை பிடித்துவிட்டது. எனக்கும்தான். நிமிர்ந்து நிற்கக்கூடிய குசினி, கதவு வைத்த பின்னறை, சுடுதண்ணீர். நான் அங்கே நின்றபடியே எந்தத் தட்டில் எந்தச் சாமான் வைப்பது என்று யோசித்துவிட்டேன்.

புறப்படும்போது காற்று மெல்லியது, மணிக்கு 12 கடல்மைல் போல. எல்லாம் சுகமாக நடந்தது. பிறகு காற்று 17க்கு ஏறியது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 12இலிருந்து 17 என்றால் ஐந்துதானே என்று தோன்றும், ஆனால் பாயில் விழும் சுமை இரண்டு மடங்காகிறது. முன்பாயைக் கொஞ்சம் சுருட்ட வேண்டும். கணவர் சுக்கானில் நின்றார். "நீர் இழுத்துப் பாரும்" என்றார். இழுத்தேன். சுருட்டும் கயிறு கென்டைமீட்டர் கணக்கில் வந்து நின்றது. இரண்டு காலையும் எதிர்ப் பக்கத்து இருக்கையில் உதைந்து, முதுகைச் சாய்த்து இழுத்தேன். கயிறு உள்ளங்கையில் பதிந்து தோல் வெளுத்தது, முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. இடது தோள் 'வேண்டாம்' என்றது.

தரகர் நல்ல மனுசன். சிரித்துக்கொண்டே, "அதற்குத்தானே உங்கள் கணவர் இருக்கிறார்" என்றார். கணவர் சுக்கானை என்னிடம் தந்துவிட்டு வந்து நாலு இழுவையில் சுருட்டி முடித்தார்.

காரில் திரும்பி வரும்போது பத்து நிமிடம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவராகவே கேட்டார்: "நான்தான் கடலுக்குள்ளே விழுந்தால், அப்ப பாயை யார் சுருட்டுறது?"

எங்கள் தேடலை மாற்றியது அந்தக் கேள்விதான். இரண்டு பேர் ஓட்டும் படகு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் இரண்டு பேர் ஏறிய படகில் பெரும்பாலான நேரம் வேலைக்கு நிற்பது ஒருவர்தான். மற்றவர் நித்திரை, அல்லது தேத்தண்ணி வைக்கிறார், அல்லது சத்தி எடுத்துப் படுத்திருக்கிறார். ஆகக் கூடாத நாளில் அவர் தண்ணீரில் இருக்கிறார். அன்று கையில் படகு இருப்பது யாரிடம் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே இரண்டு பேரில் பெலன் குறைந்தவர் தனியே கையாளக்கூடிய அளவுதான் அந்தச் சோடியின் படகு. என் உடம்பை அளவுகோலாக வைக்கிறோம் என்று அன்றிரவு முடிவு செய்தோம். எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னது அவர்.

கணக்கு

படகின் நீளம் ஏமாற்றும். 29 அடிக்கும் 34 அடிக்கும் இடையில் ஐந்தடி. ஒரே வடிவில் நீளம் கூடும்போது எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும், அதாவது கிட்டத்தட்ட 1.6 மடங்கு. எடை கூடினால் அதை நகர்த்தப் பாய் பெரிதாக வேண்டும், கயிற்றில் இழுவை கூட வேண்டும், நங்கூரம் பாரமாக வேண்டும்.

நங்கூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த விலையில் மின்சார வின்ச் (கயிறு, சங்கிலி சுற்றி இழுக்கும் உருளை) வைத்த படகு ஒன்றுகூட இல்லை, கையால்தான் தூக்க வேண்டும். 29 அடிப் படகுக்கு 10 கிலோ நங்கூரமும் 8 மில்லிமீட்டர் சங்கிலியும் போதும். அந்தச் சங்கிலி ஒரு மீட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ. 10 மீட்டர் நேராகத் தொங்கினால் 14 கிலோ, நங்கூரத்தோடு 24. தண்ணீருக்குள் இரும்பு எட்டில் ஒரு பங்கு பாரம் குறையும், ஆக 21 கிலோ. தோள் நோவோடும் நிறுத்தி நிறுத்தி இழுத்துவிடுவேன். 34 அடிக்கு 16 கிலோ நங்கூரம், 10 மில்லிமீட்டர் சங்கிலி, மீட்டருக்கு 2.2 கிலோ. அதே ஆழத்தில் 38 கிலோ, தண்ணீரில் 33. அது என்னால் ஆகாது. கரைப்பக்கம் காற்று தள்ளும் இரவில் நங்கூரம் நழுவினால், ஆகாது என்பதற்கு என்ன பொருள் என்று கடலில் ஓடியவர்களுக்குத் தெரியும்.

வேகத்தைப் பற்றியும் கணவர் கேட்டார், நியாயமான கேள்வி. சொலென்ட் என்பது இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையிலான ஒடுங்கிய கடல். மேற்கு வாயிலான ஹேர்ஸ்ட் முனையில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெருநீர் நாட்களில் நீரோட்டம் மணிக்கு 4 கடல்மைலுக்கு மேல் போகும். எங்கள் அளவுப் படகு நல்ல காற்றில் 5 கடல்மைல் ஓடும். எதிர் ஓட்டத்தில் மிஞ்சுவது ஒன்றுகூட இல்லை, கூட ஓடினால் 9. பெரிய படகு தருவது அரைக் கடல்மைல் கூடுதல் வேகம். நீரோட்ட அட்டவணையைப் பார்த்துப் புறப்பட்டால் எட்டு மடங்கு அதிகம் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. அவர் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

இந்தக் கடலில் நீர் ஏறி இறங்குவதும் படகின் தெரிவைத் தீர்மானிக்கும். வற்றும்போது குடாக்கள் முழுக்கச் சேறாகும். ஆழமான ஒற்றைக் கீல் படகு என்றால் மரீனாவில் இடம் எடுக்க வேண்டும், மீட்டர் கணக்கில் காசு. இரட்டைக் கீல் படகு சேற்றில் நேராக உட்காரும். எம்ஸ்வர்த்தில் நீர் வற்றும் மூரிங் (படகைக் கட்டி வைக்கும் மிதவை) ஒன்று எங்களுக்குக் கிடைத்தது மரீனா கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு. வருடா வருடம் போகும் காசு என்பதால், படகின் விலையைவிட இதைத்தான் நான் பெரிதாகப் பார்த்தேன்.

பார்த்தவை

வெஸ்டர்லி சென்டோர் இரண்டு பார்த்தோம். 26 அடி, இரட்டைக் கீல், ஆழம் வெறும் 3 அடி. 1969இலிருந்து 2,000க்கு மேல் கட்டிய படகு, இங்கிலாந்தின் குடாக்கள் எல்லாவற்றிலும் ஒன்றாவது நிற்கும். பாகம் கிடைக்கும், அனுபவம் சொல்ல ஆள் கிடைக்கும். அதற்கென்றே இரண்டு நோய் உண்டு. கூரையின் உள்துணியைப் பிடித்திருக்கும் நுரை தூளாகித் துணி தொங்கிவிடும். அது அலங்காரப் பிரச்சினை. மற்றது கீல் உடலோடு சேரும் இடம். சேற்றில் உட்கார்ந்து எழும்பி எழும்பி அந்த இடம் நெகிழும், உள்ளே பலப்படுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த இரண்டிலும் பலப்படுத்தவில்லை. ஒன்றில் கீலின் ஓரமாக என் நகம் போகும் அளவுக்கு வெடிப்பு. எங்கள் பட்ஜெட் பாதியாக இருந்திருந்தால், நல்ல சென்டோர் ஒன்றைத் தேடி இன்னும் ஆறு மாதம் காத்திருந்திருப்பேன்.

கொன்டெஸ்ஸா 32ஐப் பார்க்காமல் இருக்க முடியாது, அது கட்டிய லிமிங்டன் எங்களுக்கு அயல். 1979 ஃபாஸ்ட்னெட் ஓட்டத்தில் புயல் அடித்துப் படகோட்டிகள் 15 பேர் இறந்தார்கள். அதில் ஆகச் சின்னப் பிரிவில் ஓடி முடித்த ஒரே படகு அசென்ட், ஒரு கொன்டெஸ்ஸா 32. அதன் மேல் ஏறி நின்றபோது மனம் கனிந்தது. பக்கச் சுவர் தண்ணீரிலிருந்து தாழ்வு, விழுந்தவரை ஏற்றச் சுலபம். ஆனால் கீல் 5 அடி 6 அங்குலம், எம்ஸ்வர்த் சேற்றில் அது படுத்துவிடும். விலையும் எங்களைத் தாண்டியது. விட்டோம், வருத்தத்தோடு.

சாட்லர் 29உம் கொன்டெஸ்ஸாவை வரைந்த டேவிட் சாட்லரின் கைதான். 28 அடி 5 அங்குல நீளம், அகலம் 9 அடி 6 அங்குலம், இரட்டைக் கீல் வகையில் ஆழம் 3 அடி 8 அங்குலம். இதன் விசேஷம், வெளி உடலுக்கும் உள் உடலுக்கும் நடுவில் நுரை நிரப்பியிருப்பது. அடியில் ஓட்டை விழுந்தாலும் மூழ்காது என்று சொல்லி விற்ற படகு. குளிரிலும் உள்ளே வேர்க்காது, இரவில் தண்ணீர்ச் சத்தம் குறைவு. அதே நுரைதான் இதன் பயமும். உள்ளிருந்து வெளி உடலைப் பார்க்க முடியாது, இடையில் தண்ணீர் புகுந்தால் லேசில் வெளியேறாது.

நான் கொக்பிட்டில், அதாவது படகை ஓட்டுபவர் இருக்கும் பள்ளத்தில், உட்கார்ந்து கை நீட்டிப் பார்த்தேன். சுக்கான்தடி இடுப்பில், இரண்டு வின்சும் கைக்கு எட்ட, தாமான் முழங்காலுக்குப் பக்கத்தில். இடம்விட்டு எழும்பாமல் எல்லாம் தொடலாம். சாட்லரின் பரிசோதனை ஓட்டத்தில் கணவரை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் பாயை ஏற்றி, திருப்பி, சுருட்டி, இறக்கி எல்லாம் நான் தனியே. விற்றவர் ஒரு முதியவர், மனைவியோடு இருபது வருடம் ஓடியவர். ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும், அந்த வின்ச் கைப்பிடியைவிட இரண்டு அங்குலம் நீளமானது ஒன்று வாங்கச் சொன்னார். வாங்கினேன், பெரிய உதவி.

சர்வே

10 வீதம் முற்பணம், சர்வே (படகைப் பரிசோதித்து அறிக்கை தருவது) சரிவந்தால் மட்டும் மிச்சம் என்ற ஒப்பந்தம். படகைக் கிரேனில் தூக்கி வைத்து, சர்வேயர் சின்னச் சுத்தியலால் அடி முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிக்', கெட்ட இடத்தில் 'தொப்'. அரை மணியில் என் காதுக்கே வித்தியாசம் பிடிபட்டது. 'தொப்' வரவில்லை. நுரையை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். கீலின் ஓரங்களிலும் சுக்கான் குழாயைச் சுற்றியும் நீர்க்கசிவு தேடினார், ஒவ்வொரு துளை வழியாகவும் ஈரமானியை வைத்துப் பார்த்தார். படகு தூக்கி நாலு மணி நேரமாகியும் எங்கும் சொட்டவில்லை. இவ்வளவுதான் வெளியிலிருந்து சொல்ல முடியும் என்று நேர்மையாகச் சொன்னார்.

பிறகு உள்ளே கூப்பிட்டுக் காட்டியதை நான் மறக்க மாட்டேன். கடல் தண்ணீர் உள்ளே வரும் குழாய்களின் வால்வுகள், ஐந்து. ஒவ்வொன்றையும் கத்தி நுனியால் சுரண்டினார். மூன்று மஞ்சளாக மினுங்கின. இரண்டு ரோஸ் நிறம். பித்தளையிலிருந்து நாகத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டால் மிஞ்சுவது பொருபொருத்த செம்பு, அதன் நிறம் அது. ஒரு வால்வை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டினார், குழாய் அவர் கையோடு வந்தது. படகு தண்ணீரில் இருந்திருந்தால் கடல் உள்ளே வந்திருக்கும், அந்தத் துளை என் கட்டைவிரலைவிடப் பெரிது.

மற்றவை சுருக்கமாக: பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளின் வயது ஒருவருக்கும் தெரியவில்லை, 10 வருடம் தாண்டினால் மாற்றச் சொல்லிப் பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும். கேஸ் குழாய் காலாவதி. சுக்கானில் கொஞ்சம் ஆட்டம். எஞ்சின் டென்மார்க்கில் செய்த புக் என்ற வகை, பாரம், சத்தம், ஆனால் குளிரில் முதல் தரமே பிடித்தது.

கேட்ட விலை 13,500. சர்வே அறிக்கையை வைத்துக் கதைத்து 11,800க்கு முடித்தோம். சர்வேயும் கிரேனும் 850, கம்பிகள் 2,150, வால்வுகள் ஐந்தும் மாற்ற 520, கேஸ் 340, உயிர்காப்பு அங்கி, ரேடியோ, கயிறுகள் 1,400. மொத்தம் 17,060. 34 அடிப் படகை வாங்கியிருந்தால் இந்த வேலைகளுக்குக் காசே இருந்திருக்காது. பழைய படகில் விலை என்பது முதல் தவணை மாதிரி, பட்ஜெட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரங்களிலும் ஒரு கவனம். சின்னப் படகுகளின் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றல்ல. முதல் வாங்கியவரிலிருந்து இவர்வரை கைமாறிய விற்பனைச் சீட்டுகள் தொடராக இருக்க வேண்டும், வரி கட்டிய தாளும் வேண்டும். அந்த முதியவர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார்.

பிறகு

குறைகளும் சொல்ல வேண்டும். காற்றுக்கு எதிரே இது மெதுவாகத்தான் ஏறும். படகு சரியும்போது காற்றுப் பக்கத்துக் கீலின் அடியில் அலை மாட்டி 'டொப், டொப்' என்று அறையும், முதல் நாள் உள்ளே படுத்திருந்து பயந்துவிட்டேன். கணவர் கழிவறையில் நிமிர்ந்து நிற்க முடியாது.

2022 ஆகஸ்டில் வைட் தீவின் நியூடவுன் ஓடையில் நங்கூரமிட்டு, நீரோட்டம் நின்ற நேரம் அவர் அங்கியோடு தண்ணீரில் இறங்கினார். நான் ஏற்ற வேண்டும். முதல் முறை, உதிரி ஆஞ்சானை அவர் அங்கியின் வளையத்தில் கொழுவி வின்சால் சுற்றினேன். இடுப்புவரை வந்து நின்றுவிட்டார், கைப்பிடி அசையவில்லை. அவர் தண்ணீரில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். இது ஏப்ரல் மாதமாக, தண்ணீர் 10 பாகை போல இருந்திருந்தால் எங்களுக்கு அவகாசம் இருந்திருக்காது. அடுத்த கிழமை நாலு மடிப்புக் கப்பி ஒன்று வாங்கி ஆஞ்சானின் முனையில் கட்டினோம். 84 கிலோ நாலாகப் பிரிந்தால் 21, அதோடு உராய்வு. ஆறு நிமிடத்தில் மேல்தளத்தில் கிடந்தார். ஒவ்வொரு வருடமும் மே மாதம் இதைச் செய்கிறோம். ஒரு வருடம் அவர் என்னை, ஒரு வருடம் நான் அவரை.

2023 செப்டெம்பரில் வைட் தீவின் யார்மத்தில் காலையில் குனிந்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. படுக்கையைவிட்டு எழும்ப முடியவில்லை. காற்று தென்மேற்கு, மணிக்கு 14 கடல்மைல். கிழக்கு நோக்கிய ஓட்டம் தொடங்கியிருந்தது, எம்ஸ்வர்த்தில் நீர் நிறைய ஐந்து மணி நேரம் இருந்தது. பெரிய பாயை ஏற்றவில்லை. பின்காற்றில் அது தவறுதலாகப் புரண்டால் தனியே சமாளிக்க வேண்டும். முன்பாய் மட்டும். கவ்ஸ் தாண்டும்போது கொள்கலன் கப்பல் ஒன்று சவுதாம்ப்டனிலிருந்து வந்தது. 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டருக்குள் போகக்கூடாது என்பது இங்கே சட்டம். முன்பாயை முழுக்கச் சுருட்டிக் காத்திருந்தேன். ஐந்து இழுவை, கை மாற்றாமல். பிறகு ஹோர்ஸ் சாண்ட் கோட்டைக்கு உட்பக்கம், நீருக்கடியில் கிடக்கும் தடுப்பின் இடைவெளியால் நுழைந்து, சிச்செஸ்டர் மணல்திட்டை நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே தாண்டினேன்.

மூரிங் மிதவையை மேல்தளத்தில் குப்புறப் படுத்துக் கையால் பிடித்தேன். பக்கச் சுவர் அவ்வளவு தாழ்வு. நீர் வற்றியது, படகு இரண்டு கீலிலும் நேராக உட்கார்ந்தது, அவருடைய முதுகுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அவர் படுத்தபடியே பயணக் குறிப்பேட்டை எடுத்துத் தரச் சொல்லி எழுதினார்: யார்மத்திலிருந்து எம்ஸ்வர்த், 5 மணி 10 நிமிடம், முன்பாய் மட்டும், ஓட்டியவர் ஒருவர்.